புங்கமரத்தின் வடக்கு

ஜனவரி 25, ஞாயிறு

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த போன வருட டைரி இது. தேதி சரியாக இருக்கும், கிழமைதான் ஒரு நாள் பின்தங்கும். அடித்துத் திருத்திக்கொள்கிறேன். இன்ஜினியர் ஹரி சாருக்குக் காட்டப் பச்சை அட்டைக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றிய நேரம் மட்டும் எழுதினால் போதும். மற்றதை எல்லாம் இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

மில் ரோட்டுப் புங்கமரம் நேற்று மாலை குளக்கரைக்கு வந்துவிட்டது. அங்கே மேம்பாலம் கட்டப்போகிறார்கள். வழியில் பன்னிரண்டு புங்கமரங்கள் நிற்கின்றன. இந்த முதல் மரத்தை வேரோடு பெயர்த்து வந்து நட்டிருக்கிறோம். தொண்ணூறு நாளில் இது தளிர்த்தால் மிச்சம் பதினொன்றும் இதே கரைக்கு வரும், இல்லாவிட்டால் பதினொன்றுக்கும் ரம்பம். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கோயம்புத்தூரிலேயே இப்படிச் சம்பளம் வாங்கும் மனுஷி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கிளைகளை எல்லாம் வெட்டி, வெட்டுவாயில் சாணமும் களிமண்ணும் அப்பி, தண்டு முழுக்க ஈரச்சாக்கு சுற்றியிருக்கிறது. மரத்தைப் பெயர்க்கும் முன் அதன் வடக்குப் பக்கத்தில் பெயின்டால் ஒரு குறி போட வேண்டும். புது இடத்திலும் அந்தப் பக்கம் வடக்கே பார்க்கும்படிதான் நட வேண்டும். முப்பது வருடம் வெயிலையே பார்க்காத பட்டை திடீரென்று தெற்குப் பார்த்தால் வெந்துவிடும். குறி போட்டவள் நான். கிரேனில் மரம் தொங்கியபோது பார்த்துச் சொன்னவளும் நான். நடுவில் எனக்கு ஒரு போன் வந்தது, முக்கியமான போன் அல்ல. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம், மிட்டாய். மரத்துக்கு எட்டு குடம்.

ஜனவரி 29, வியாழன்

காலையில் நடக்க வருகிறவர்கள் எல்லோரும் வைத்தியர்கள்தான். ஒருவர் யூரியா போடு என்கிறார். இன்னொருவர் அடித்தண்டை மூடி மண்ணை மலைபோல் குவி என்கிறார். குவித்தால் பட்டை அழுகும். வேரும் தண்டும் சேரும் இடம் காற்றுப்பட நிற்க வேண்டும். காய்ந்த இலையைக்கூடத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பரப்பியிருக்கிறேன். சொன்னால், "எங்க தோட்டத்துல எல்லாம் அப்படித்தாம்மா பண்றோம்" என்று வேகமாக நடந்துவிடுகிறார்கள்.

மதியம் அப்படியே கண் அசந்துவிட்டேன். கனவில் மரம், தூங்குகிற ஆள் புரண்டு படுப்பதுபோல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. மண் அசையவே இல்லை. முட்டுக்கொடுத்த கம்புகளும் அப்படியே நின்றன. மரம் மட்டும் எதையோ தேடிச் சுற்றியது. விழித்ததும் எனக்கு எந்த ஊர் என்றே ஒரு நிமிடம் தெரியவில்லை.

நான் தனியாகக் குடிவந்த புது வீட்டிலும் அப்படித்தான். விழித்ததும் இடது கையை நீட்டுகிறேன். பதினெட்டு வருடம் இடது பக்கம்தான் சுவிட்சு. இங்கே அந்தப் பக்கம் வெறும் சுவர்.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆறுச்சாமியண்ணன் இரண்டு பஸ் மாறி வந்தார். மில் ரோட்டில் இந்த மரத்தடியில் இருபத்தாறு வருடம் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர். இப்போது அதே ரோட்டில் ஒரு பேக்கரியின் தகரக் கொட்டகைக்குக் கீழே தேய்க்கிறாராம்.

"மேல தகரம், கையில பெட்டி. ரெண்டுக்கும் நடுவுல நான் தோசைங்க," என்றார்.

மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். சாக்கைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி நீட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ற ஆணிங்க அம்மிணி. காலண்டரு வெளுக்காம இருக்கட்டுமுன்னு வெயில் படாத பக்கமாப் பாத்து நானே அடிச்சது."

ஆணி குளத்தைப் பார்த்து நின்றது. குளம் தெற்கே. ஆணியின் தலை பளபளவென்று வெயிலில் மின்னியது.

நான் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டார். கிளம்பும்போது, "மரம் எந்திரிக்குமுங்களா?" என்றார்.

"இப்பத்தான் தூங்குதுங்ணா. எந்திரிக்கும்."

"எந்திரிச்சா எடம் தெரியாம முழிக்குமுங்க," என்றார் சிரிக்காமல்.

பிப்ரவரி 5, வியாழன்

சாக்கை நனைக்கத் தெற்குப் பக்கம் கொஞ்சம் பிரித்தேன். மார்பு உயரத்தில் நான் போட்ட சிவப்புப் பெயின்டு குறி இருந்தது. மறுபடி சாக்கைக் கட்டினேன்.

எட்டு குடம். வானம் தெளிவு.

பிப்ரவரி 6, வெள்ளி

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. அப்புறம் ஏன் இங்கேயும் பூசி மெழுகுகிறேன் என்று தெரியவில்லை.

மரத்தைப் பெயர்ப்பதற்கு முந்தின நாள் மில் ரோட்டுக்காரர்கள் வழியனுப்பு வைத்தார்கள். தேங்காய், சூடம், எலுமிச்சை. ஆறுச்சாமியண்ணன் கை நிறையக் குங்குமத்தைக் குழைத்து அடித்தண்டில் அப்பினார். எல்லோரும் ரோட்டில் நின்றதால் ரோட்டைப் பார்த்த பக்கம், அதாவது தெற்கே. என் குறியோ வடக்கே, அதற்குள் சாக்குக்கு அடியில் போய்விட்டது. சாக்குக்கு மேலும் ஒரு குறி போட வேண்டும் என்பது விதி. பெயின்டு தீர்ந்திருந்தது, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மரம் கிரேனில் தொங்கும்போது போன் வந்தது. பேசியது அவர்தான், பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவர். வக்கீல் ஆபீசில் விவாகரத்துப் பேப்பர் ரெடி, எப்போது கையெழுத்துப் போட வருகிறாய் என்று கேட்டார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டார். கிரேன்காரர் அந்த நேரம் பார்த்து, "எந்தப் பக்கம்க்கா?" என்று கத்துகிறார். குனிந்தேன், சிவப்பு தெரிந்தது. "இதுதான் வடக்கு, திருப்புங்க!" என்றேன்.

நான் போட்ட குறி மார்பு உயரம், பார்த்த சிவப்பு முழங்கால் உயரம். அதுகூடவா தெரியவில்லை என்று கேட்டால், அன்றைக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணன் வந்தார். கடலை கொண்டுவந்தார். இருவரும் வெட்டவெளியில் உட்கார்ந்து தின்றோம். இலையில்லாத மரத்துக்கு நிழல் ஒரு முழ அகலம்தான். வெயில் நகர நகர நாங்களும் அந்த நிழலோடு நகர்ந்து உட்கார்ந்தோம். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. யாராவது தூரத்திலிருந்து பார்த்திருந்தால் கடிகார முள் என்று நினைத்திருப்பார்கள்.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவர் வைத்த குங்குமத்தையும் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடப் பாசத்தில் வைத்த பொட்டு. அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று இப்போது எழுதுகிறேன். படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 23, திங்கள்

ஹரி சார் நாளைக்கு வந்து சாக்கை எல்லாம் எடுக்கச் சொல்லப் போகிறாராம். முப்பது நாள் ஆயிற்று, தளிர் முட்டுவதற்கு இடம் வேண்டும். போனில் சொன்னார்.

அவர் வருவதற்குள் சாக்கைத் தளர்த்தி, துணியைத் தின்னரில் நனைத்து என் பெயின்டு குறியைத் துடைத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இன்றைக்குத்தான் நான் செய்து பார்த்தேன். லேசான இளஞ்சிவப்பு மிஞ்சியது, அதன்மேல் கொஞ்சம் சேறு தடவினேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சாக்கு எடுத்தாயிற்று. ஹரி சார் போட்டோ எடுத்தார். "நல்லா மெயின்டெயின் பண்றீங்கக்கா," என்றார்.

மார்ச் 1, ஞாயிறு

அண்ணன் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கொண்டுவந்தார். தேய்த்து, நான்காக மடித்து, விளிம்பு விளிம்போடு பொருந்தியிருந்தது. அதைப் பிரித்து ஒரு முனையைத் தன் ஆணியிலும் மறு முனையை வெட்டிய கிளையிலும் கட்டினார். தெற்குப் பக்கம் முழுவதும் மறைந்தது. நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட துணி.

"எதுக்குங்ணா?"

"துணியில்லாம நிக்குது பாருங்க. கூச்சமா இருக்குமுல்ல."

என் முகத்தைப் பார்க்கவில்லை அவர். சரியாக அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் மறைத்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அந்தத் துணிக்கு அடியில் உட்கார்ந்தால் வெளிச்சமே நீலமாக இருக்கிறது. மீன் துள்ளும் சத்தம் கேட்கிறது. இன்று மதியம் கனவில் மில் ரோடு முழுக்க நீலத்தண்ணீர். பன்னிரண்டு மரங்களும் வரிசையாக நீந்தி வந்தன. முதல் மரம் மட்டும் கரைக்குப் பக்கத்தில் நின்று, எந்தப் பக்கமாக ஏறுவது என்று என்னைக் கேட்டது. நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

நாளைக்கு மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள். ஹரி சார் துணியைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இது துணி காயப்போடற இடமா? எடுத்துருங்க," என்றார். எடுத்தேன். ஏன் கட்டியிருக்கிறது என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். அண்ணன் மடித்த மாதிரி எனக்கு மடிக்க வரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அண்ணன் வரவில்லை. கல்யாண சீசன், பட்டுச்சேலைகள் குவிந்திருக்கும். பார்வையிட வந்தவர்கள் மறுபடியும் வரக்கூடும் என்று துணியைக் கட்டாமலே விட்டிருக்கிறேன். வெயில் கொளுத்துகிறது.

மார்ச் 19, வியாழன்

தெற்குப் பட்டை வெடித்திருக்கிறது. இரண்டு அடி நீளம். விரலால் தொட்டதும் ஓடுபோல் கழன்று வந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உயிர் இருந்தால் அடியில் பச்சை தெரியும். தெரிந்தது பழுப்பு. ஓடிப்போய் வடக்கே சுரண்டினேன், அங்கே பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துணியை எடுத்து மறுபடி கட்டினேன். இனி யார் வந்து என்ன சொன்னாலும் எடுக்க மாட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

அண்ணன் வந்தார். துணியை விலக்கி வெடிப்பைப் பார்த்தார். "நான் வெச்ச பொட்டுனாலதானுங்க?" என்றார்.

நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

"மொத நாளே தெரிஞ்சுதுங்க அம்மிணி. ஆணி தெக்க பாத்து நிக்குது. கொஞ்சங் குனிஞ்சு பாத்தா வடக்கால என்ற குங்குமம். என்ன நடந்திருக்குமுன்னு அப்பவே புரிஞ்சு போச்சுங்க. ரெண்டு மாசமா ராத்திரி தூக்கமில்லீங்க."

"அப்புறம் ஏனுங்ணா சொல்லல?"

"சொன்னா, பொட்டு வெச்சுக் கும்புட்டுக் கெடுத்துப்போட்டானுகன்னு சொல்லி, மத்த பதினொண்ணையும் வெட்டிப்போடுவாங்கல்ல. அதுவுமில்லாம…" துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்குப் பயமுங்க. நானே கொன்னுபோட்டனோன்னு."

இந்த மனிதரைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடியிருப்பதாக எழுதி வைத்திருந்தேன். நான் வாயை மூடிய ஒவ்வொரு நாளும் அவர் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறார்.

"பொட்டு என்னங்ணா பண்ணும்? தப்பாப் பாத்தது என்ற கண்ணுதானுங்க," என்றேன். போன் வந்ததைச் சொன்னேன். யார் பேசியது, எதற்கு என்று எல்லாமே சொன்னேன். தின்னர் போட்டுத் துடைத்ததையும் சொன்னேன். கடைசியில் அவர், "கையெழுத்துப் போட்டுட்டீங்களா அம்மிணி?" என்றார்.

"இன்னும் இல்லீங்ணா."

"போட்டுருங்க. வெந்த பக்கத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கப்படாது."

மார்ச் 23, திங்கள்

பச்சைக் குறிப்பேட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். குறி எங்கே போட்டேன், சாக்குக்கு மேல் ஏன் போடவில்லை, எதைப் பார்த்து வடக்கு என்றேன், எப்போது தெரிந்தது, எப்போது துடைத்தேன். கீழே ரங்கநாயகி என்று கையெழுத்து.

ஹரி சார் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, இந்தப் பக்கத்தக் கிழிச்சுருங்க. மரம் வரலைன்னா வெயில் அதிகம்னு எழுதிக்கலாம். உங்க வேலை, என் வேலை ரெண்டும் தப்பிச்சுரும்."

"பதினொரு மரம் தப்பிக்காதுங்க சார்."

"என்ன?"

"வெயிலுன்னு எழுதுனா, பேத்து நட்டா மரம் பொழைக்காதுன்னு ஆயிரும். ரம்பத்த எடுத்துருவாங்க. பேத்ததுல தப்பில்ல, நட்டவ பண்ணுன தப்புன்னு எழுதியிருந்தாத்தான் மத்ததுக்கு வழி."

அவர் குறிப்பேட்டை மூடினார். கிழிக்கவில்லை. கிளம்பும்போது, "சுண்ணாம்பு எவ்வளவு வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 25, புதன்

செத்த பட்டையை நல்ல பட்டை தொடங்கும் இடம்வரை கத்தியால் செதுக்கினோம். காயத்தில் ஒன்றும் பூசவில்லை, காற்றில் ஆற வேண்டும். மிச்சத் தெற்குப் பக்கம் முழுக்க நீர்த்த சுண்ணாம்பு. வெள்ளை பட்டால் வெயில் திரும்பிப் போகும். அதற்கு மேல் பச்சை நிழல்வலை. வலைக்கு மேல் அண்ணனின் துணி, அது தேவையில்லைதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அண்ணன் சுண்ணாம்பு இரண்டாம் பூச்சுப் பூசினார். இஸ்திரி போடுகிற கை, ஒரு சுருக்கம் விடாமல் பூசுகிறது. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர், ஆனால் மெதுவாக, ஆழமாக.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைக் கனி. ஒரு மாம்பழத்தை மரத்தடியில் வைத்துவிட்டு, அப்புறம் நானே தின்றேன். தளிர் இல்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

லீவு போட்டு வக்கீல் ஆபீஸ் போனேன். நான்கு இடத்தில் கையெழுத்து. அவரும் வந்திருந்தார், நல்லா இருக்கியா என்றார். மரம் ஒன்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பஸ்சில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

ஏப்ரல் 22, புதன்

கனவு. மரம் திரும்பவில்லை. எந்தப் பக்கமும் திரும்பாமல், நட்ட இடத்தில் நட்டபடி நின்றது. வடக்கு எது என்று கேட்டேன். நீ சொன்னதுதான், இனி என்ன செய்ய என்றது. கோபமாகச் சொல்லவில்லை.

விழித்ததும் கை தானாக வலது பக்கம் போய்ச் சுவிட்சைப் போட்டது. போட்டபிறகுதான் கவனித்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

தொண்ணூறாம் நாள். காலை ஆறு மணிக்கு வலையைத் தூக்கினேன். கிழக்குப் பக்கக் கவட்டையில் பாசிப்பயறு அளவில் மூன்று புடைப்புகள். மூன்றாவதன் நுனி பிளந்து, செம்பு நிறத்தில் ஒரு மடிப்பு வெளியே வந்திருந்தது. இஸ்திரி போடாத சின்னத் துணி.

நான் சத்தம் போட்டதில் நடைக்காரர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். யூரியாக்காரர், "நான் சொன்னதப் போட்டீங்கள்ல?" என்றார். சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

பத்து மணிக்கு மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். தளிரை ஒரு நிமிடம் பார்த்தார்கள், என் ஒன்றரைப் பக்கத்தை அரைமணி நேரம் படித்தார்கள். தெற்கே இரண்டு அடிப் பட்டை போனது போனதுதான். மரம் பிழைக்கும், பதினொன்றும் வரும், மழைக்காலத் தொடக்கத்தில். எனக்கு மேற்பார்வை வேலை போயிற்று. தண்ணீர் ஊற்றும் ஆளாக இருக்க விருப்பமா என்று கேட்டார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். தளிர் வந்ததைச் சொன்னேன். "பெட்டிய எறக்கி வெச்சுட்டு வர்றனுங்க, சேலை தீஞ்சிரும்," என்று வைத்துவிட்டார்.

ஜூன் 14, ஞாயிறு

மில் ரோடு. லேசான தூறல். நாளைக்கு இரண்டாவது மரத்தைத் தூக்குகிறார்கள். மேற்பார்வைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். வடக்கே சாக்குக்கு அடியில் ஒரு குறி, மேலே ஒரு குறி, போதாததற்கு போட்டோவும் எடுத்துக்கொண்டாள். நான் குடத்தோடு தள்ளி நின்றேன். குறி பார்க்கும் வேலை இப்போது என்னுடையது இல்லை.

சாயந்திரம் கூட்டம் சேர்ந்தது. தேங்காய், சூடம், எலுமிச்சை. முதல் மரத்துக்கு நடந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், இந்த முறை யாரும் ஆறுச்சாமியண்ணனைக் குங்குமம் குழைக்கச் சொல்லவில்லை. அவரும் பேக்கரி ஓரமாகவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூசாரி மாதிரி முன்னால் நின்ற ஒருவர், "பொட்டு வெக்கறதுக்குத்தான் பயமா இருக்குது, வேண்டாம் உடுங்க," என்றார். பொட்டில்லாமல் எப்படி அனுப்புவது என்று பூக்காரம்மா ஆரம்பித்தார். சத்தம் பெரிதானது.

குடத்தை இறக்கிவைத்தேன். தாம்பாளத்திலிருந்த குங்குமத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். அண்ணனிடம் போய் அவர் கையில் வைத்தேன்.

"அம்மிணி, வேண்டாமுங்க."

"வாங்கண்ணா."

ரோட்டுப் பக்கம் நின்ற கூட்டத்தை விலக்கி, மரத்தைச் சுற்றி அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். மதில்சுவர் ஓரம், சேறு, ஒரு ஆள் நிற்கத்தான் இடம். புதுப் பெண் போட்ட பெயின்டு குறி சாக்கின்மேல் நனைந்து தெரிந்தது.

"இந்தப் பக்கம் வையுங்க," என்றேன். "எத்தன பெருசா வேணும்னாலும் வையுங்க."

குறிக்கு நேர் கீழே, வடக்கே பார்த்து அப்பினார். கூட்டம் ஒவ்வொருவராக அந்தச் சேற்றில் இறங்கிவந்து கும்பிட்டது.